பழைய ஃபோர் வீல் வண்டியை நாமே வேலை பார்ப்பது: கேள்வி பதில்

முன்னும் பின்னும் முழு ஆக்ஸில் ஹவுசிங், பட்டை ஸ்பிரிங், லீவர் போட்டால் விழும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன், பின் ஆக்ஸில்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி). இந்த அமைப்புள்ள பழைய வண்டிகளை வைத்திருப்பவர்கள் கேட்டவையும் நான் சொன்னவையும் இவை. அளவுகளும் டார்க்கும் வண்டிக்கு வண்டி மாறும். உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: அண்ணா, 60 கி.மீ. வேகத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஸ்டீரிங் கையில் நிற்காமல் உதறுகிறது. பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்தால்தான் அடங்குகிறது. ஸ்டீரிங் டேம்பர் புதிதாகப் போட்டேன், ஒரு மாதம் நன்றாக இருந்தது, மறுபடி ஆரம்பித்துவிட்டது. அடுத்து எதை மாற்றுவது?

பதில்: தம்பி, இப்போதைக்கு எதையும் மாற்றாதீர்கள். டேம்பர் உதறலை அமுக்கி வைக்குமே தவிர, காரணத்தைத் தீர்க்காது. எங்கோ ஒரு இடத்தில் பிளே, அதாவது தேய்மானத்தால் வந்த ஆட்டம், இருக்கிறது. அதைக் கையால் கண்டுபிடிக்க வேண்டும்.

நாலு சக்கரமும் தரையில் இருக்கட்டும். ஒருவரை உட்காரவைத்து ஸ்டீரிங்கை இடமும் வலமுமாகக் கொஞ்சமாக ஆட்டச் சொல்லுங்கள். நீங்கள் கீழே படுத்து, ஒவ்வொரு இணைப்பின் மேலும் விரல் வையுங்கள், பாதி விரல் இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். நல்ல ராடு எண்டில் (ஸ்டீரிங் ராடின் முனையில் உள்ள பந்து மூட்டு) இரண்டு பாதியும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ஒரு பக்கம் முதலில் நகர்ந்து, அடுத்தது ஒரு கணம் கழித்து 'டக்' என்று வரும். கண்ணுக்குத் தெரியாததுகூட விரலுக்குத் தெரியும். ஸ்டீரிங் பாக்ஸ் சேஸியோடு சேரும் போல்ட்டுகளையும் பட்டை ஸ்பிரிங்கின் புஷ்களையும் இப்படியே பாருங்கள்.

அப்புறம் முன்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் அசைவு இருக்கிறதா? இருந்தால் உதவிக்கு இருப்பவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். அசைவு நின்றுவிட்டால் வீல் பேரிங், நிற்காவிட்டால் கிங் பின் (ஸ்டீரிங் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங். இந்த ஒரு சோதனை தெரியாமல் நல்ல பேரிங்கைக் கழற்றி எறிந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கிங் பின்னுக்குப் பிளே இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, கொஞ்சம் இறுக்கமும் வேண்டும். டை ராடை (இரண்டு முன் சக்கரங்களையும் இணைக்கும் கம்பி) கழற்றிவிட்டு, நக்கிளின் (சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் பகுதி) கையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தால் எத்தனை கிலோவில் திரும்புகிறது என்று தெரியும். மேனுவலில் உள்ளதைவிடக் குறைவாக இருந்தால் கிங் பின் மூடியின் அடியிலிருந்து ஷிம் (மெல்லிய தகடு) எடுக்க வேண்டும்.

கழற்றுவதற்கு முன் ஒன்று: ரிம்மின் உள்பக்கம் காய்ந்த சேறு ஒட்டியிருக்கிறதா பாருங்கள். ஒரு கைப்பிடிச் சேறு போதும், சக்கரத்தின் பேலன்ஸ் போய்விடும்.

கேள்வி: பின் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கினேன். ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருந்தது. ஆனாலும் வண்டி நகர்ந்துவிட்டது. கேபிள் போய்விட்டதா?

பதில்: கேபிள் நன்றாகவே இருக்கலாம். இதை எல்லோரும் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். வில்லிஸ் ஜீப், பழைய லேண்ட் ரோவர் போன்ற பல வண்டிகளில் ஹேண்ட் பிரேக் பின் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் ஒரு டிரம் இருக்கும், அது பின் புரொப்பெல்லர் ஷாஃப்டை (பின் ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டு) பிடிக்கிறது. இரண்டு சக்கரமும் தரையில் இருக்கும்வரை வண்டி நிற்கும். ஒன்றைத் தூக்கிவிட்டால், ஷாஃப்ட் அசையாமலே டிஃபரன்ஷியல் (இரண்டு சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் பல் சக்கரத் தொகுதி) வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு திசையில் சுற்றும், தரையில் இருப்பது எதிர்த்திசையில் உருளும். கியரில் போட்டு வைத்தாலும் இதே கதைதான். டிரான்ஸ்ஃபர் லீவர் நியூட்ரலில் இருந்துவிட்டால் கியர் இருந்தும் பயனே இல்லை.

எனக்கும் இது நடந்திருக்கிறது. கண்ணுக்குச் சரிவே தெரியாத இடம். வீல் நட் எடுக்கக் கையை வெளியே இழுத்த நேரத்தில் ஜாக்கி சாய்ந்து சக்கரத்தின் பிரேக் டிரம் தரையில் விழுந்தது. அன்றிலிருந்து தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்காமல் ஜாக்கியைத் தொடுவதில்லை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே. அடியில் போவதென்றால் ஸ்டாண்டு கட்டாயம்.

கேள்வி: ஆற்றைக் கடந்து வந்த பிறகு டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்தது போல வெளுத்திருக்கிறது. சீல் மாற்ற வேண்டுமா? எந்த ஆயில் ஊற்றுவது?

பதில்: சீலுக்கு முன் பிரீதரை, அதாவது ஆக்ஸில் ஹவுசிங்கின் காற்றுத் துளையைப் பாருங்கள். ஓடி வந்த ஹவுசிங் சூடாக இருக்கும். குளிர்ந்த நீரில் இறங்கியதும் உள்ளே காற்று சுருங்கும். பிரீதர் திறந்திருந்தால் அது வழியே காற்று வரும். சேறு அடைத்திருந்தால், நல்ல சீலின் விளிம்பு வழியாகக்கூடத் தண்ணீரை உறிஞ்சும். பிரீதரைச் சுத்தம் செய்து, அங்கிருந்து ஒரு ஹோஸை எஞ்சின் அறையின் உயரம் வரை கொண்டுபோய்க் கட்டிவிடுங்கள். அரை நாள் வேலை, வண்டி இருக்கும்வரை பலன் தரும்.

வெளுத்த ஆயிலை அன்றைக்கே வடித்துவிடுங்கள், ஓட்டிக்கொண்டிருந்தால் பேரிங் துருப்பிடிக்கும். புதிய ஆயில் ஊற்றிக் கொஞ்ச தூரம் ஓட்டி, மறுபடி ஒருமுறை மாற்றினால்தான் மிச்ச ஈரம் போகும். டிஃபரன்ஷியலில் உள்ள ஹைப்பாய்டு வகை கிரவுன் பினியன் பல் சக்கரங்களுக்கு ஜிஎல்-5 தரக் கியர் ஆயில் வேண்டும். மீதம் இருக்கிறதே என்று அதையே கியர் பாக்ஸில் ஊற்றாதீர்கள். பல பழைய கியர் பாக்ஸ்களில் சின்க்ரோ வளையங்கள் (கியர் மாற்றும்போது வேகத்தைச் சமப்படுத்துபவை) பித்தளை வகை, அவற்றுக்கு ஜிஎல்-4 சொல்லியிருப்பார்கள். ஜிஎல்-5இல் கூடுதலாக இருக்கும் கந்தகச் சேர்மானங்கள் அந்த உலோகத்தை அரிக்கக்கூடும். இரண்டிலும் ஒன்று மறக்காதீர்கள்: ஊற்றும் திருகு கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் திருகைக் கழற்ற வேண்டும்.

கேள்வி: தார் ரோட்டில் ஃபோர் வீலில் ஓட்டினேன். இப்போது லீவர் டூ வீலுக்கு வரவே மாட்டேன் என்கிறது.

பதில்: உடைந்திருக்காது. நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாததால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். வளைவில் முன் சக்கரங்களுக்கு அதிக தூரம், வழுக்க இடமில்லாத ரோட்டில் அந்த வித்தியாசம் முறுக்காகச் சேர்ந்து டிரான்ஸ்ஃபர் கேஸின் பல்லைக் கவ்விக்கொள்ளும். நேராகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே லீவரை லேசாகத் தள்ளுங்கள், விழுந்துவிடும். லீவரை உதைக்க வேண்டாம்.

கேள்வி: வணக்கம் அண்ணா. அப்பா விட்டுச்சென்ற டீசல் வண்டி. நானே ஃபில்டர் மாற்றினேன். ஸ்டார்ட் ஆகி, அரை நிமிடத்தில் நின்றுவிட்டது. பேட்டரி இறங்கும் வரை செல்ஃப் அடித்துப் பார்த்துவிட்டேன்.

பதில்: நீங்களே இறங்கிச் செய்ததில் மிகவும் சந்தோஷம் அம்மா. காற்று பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஃபில்டரின் தலையில் உள்ள ஏர் திருகை ஒரு சுற்று தளர்த்தி, கை பம்ப்பை அடியுங்கள். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, பிறகு குமிழியே இல்லாத டீசல். அப்படியே அடித்துக்கொண்டே திருகை மூடுங்கள். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் உள்ள திருகிலும் இதையே செய்யுங்கள். பெரும்பாலும் இதோடு ஸ்டார்ட் ஆகிவிடும். ஆகாவிட்டால் நோசில் (எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கும் முனை) பக்கம் பைப் நட்டுகளை லேசாகத் தளர்த்தி, டீசல் துப்பும் வரை செல்ஃப் அடித்து இறுக்க வேண்டும். அங்கே விரலை நீட்டாதீர்கள், அந்த அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 விநாடிக்கு மேல் வேண்டாம்.

கை பம்ப் லீவர் கனமே இல்லாமல் ஆடினால், அது தன்னை இயக்கும் கேமின் மேட்டில் நிற்கிறது என்று அர்த்தம். எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டு அடியுங்கள். மறுநாளும் காற்று பிடித்தால், பழைய ரப்பர் வளையம் ஃபில்டர் தலையிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். டேங்கிலிருந்து உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும்.

கேள்வி: பேட்டரி புதிது. ஆனாலும் செல்ஃப் மோட்டார் முக்கி முக்கிச் சுற்றுகிறது. மோட்டாரைப் பிரித்துவிடலாமா?

பதில்: முதலில் மீட்டர் வையுங்கள். ஒரு முனை பேட்டரியின் நெகட்டிவ் தூணில், கிளாம்ப்பின் மேல் அல்ல. மறுமுனை எஞ்சின் பிளாக்கில், பெயிண்ட் இல்லாத இடத்தில். வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு எர்த் பக்கம். எஞ்சின் ரப்பர் மவுண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது, சேஸிக்கும் அதற்கும் நடுவே ஒரு எர்த் பட்டைதான் உறவு. அதன் இரண்டு முனையையும் கழற்றி, உலோகம் பளிச்சென்று தெரியும் வரை தேய்த்து மாட்டுங்கள். மோட்டாரைப் பிரிப்பதை அதற்குப் பிறகு யோசிக்கலாம்.

கேள்வி: வண்டி சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டேன். தப்பா?

பதில்: தப்புதான், மறுபடி மாட்டிவிடுங்கள். நிற்கும்போது சூடேறினால் ஃபேன் பக்கம் பாருங்கள், வேகத்தில் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும் செத்திருந்தால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதிக்கும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

கேள்வி: சேஸியில் துருவை வெட்டி எடுத்து வெல்டு வைக்கப் போகிறேன். பிரேக் கிளீனர் அடித்துத் துடைத்தால் போதுமா?

பதில்: வேண்டாம், தயவுசெய்து. சில பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கும். அது மிச்சமிருக்கும் இடத்தில் வெல்டு வைத்தால் ஃபாஸ்ஜீன் என்ற கொடிய விஷவாயு உண்டாகலாம். கம்பி பிரஷ், கிரைண்டர் போதும். பேட்டரியையும் டைனமோவையும் கழற்றிவிடுங்கள். பக்கத்தில் போகும் பிரேக் பைப்பையும் டீசல் பைப்பையும் விலக்குங்கள். எவ்வளவு வெட்டுவது என்று சுத்தியல் சொல்லும்: நல்ல இரும்பு 'டிங்' என்று கேட்கும், அழுகியது 'டொப்' என்று அடங்கும். 'டிங்' கேட்கும் இடத்தைத் தாண்டி வெட்டுங்கள். முடிந்ததும் சேஸியின் அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள். அவை சேறு அடைத்து, உள்ளே தண்ணீர் தேங்கித்தான் அந்தத் துருவே வந்திருக்கும்.