'டிட்' வந்தபின் 'வென்ட்' எதற்கு?

வணக்கம் ஐயா,

நான் தமிழ்வழியில் படித்தவன். ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இலக்கண நூலொன்றை வைத்துக்கொண்டு ஆங்கிலம் கற்று வருகிறேன். பன்னிரண்டு காலங்களின் அட்டவணை மனப்பாடமாகிவிட்டது. ஆனாலும் வாயைத் திறந்தால் 'டிட் யூ வென்ட்', 'ஹீ டிட் நாட் கேம்' என்றே வருகிறது. நடந்து முடிந்ததைக் கேட்கும்போது 'கோ' என்று சொல்ல மனம் ஒப்பவில்லை. இதற்குக் காரணம் ஏதும் உண்டா, அல்லது அப்படியே உருப்போட வேண்டியதுதானா?

ம.

அன்புள்ள ம.,

காரணம் உண்டு. தமிழில் நீங்கள் அன்றாடம் செய்வதும் ஏறத்தாழ அதுதான். 'போனேன்' என்பதை மறுக்கும்போது நாம் 'போனேனில்லை' என்பதில்லை, 'போகவில்லை' என்கிறோம். காலம் காட்டும் உருபும் தன்மை விகுதியும் கழன்றுவிட, 'போக' என்னும் எச்சம் மட்டும் நிற்கிறது. மறுக்கும் வேலையை 'இல்லை' ஏற்றுக்கொள்கிறது. 'ஐ வென்ட்' என்பது 'ஐ டிட் நாட் கோ' ஆகும்போது அங்கே நிற்கும் 'கோ', நம்முடைய 'போக'வைப் போலக் காலம் காட்டாத வடிவம். அதை நிகழ்காலம் என்று எண்ணுவதால்தான் உங்கள் மனம் ஒப்ப மறுக்கிறது.

வேறுபாடும் ஒன்று இருக்கிறது. 'நான் கடைக்குப் போகவில்லை' என்பது நேற்றைக்கும் பொருந்தும், இன்று மாலைக்கும் பொருந்தும். எது என்பதைச் சூழல்தான் சொல்ல வேண்டும். ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. முதன்மை வினையிலிருந்து கழற்றிய காலத்தை 'டூ'வின் மீது ஏற்றி அதை 'டிட்' ஆக்குகிறது. ஓரிடத்தில் காட்டிய காலத்தை மீண்டும் காட்டத் தேவையில்லை என்பதால் 'வென்ட்' அங்கே மிகை. 'டஸ் ஹீ கோஸ்' என்பதும் இதே பிழைதான். அந்த 'எஸ்' ஏற்கெனவே 'டஸ்'ஸில் ஏறிவிட்டது.

ஆங்கிலத்துக்கும் இந்தத் துணைவினை எப்போதும் கட்டாயமாக இருந்ததில்லை. 1611-இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் பேதுரு ஓரிடத்தில், 'ஐ நோ நாட் த மேன்' என்று மறுக்கிறார். இன்று அது 'ஐ டோன்ட் நோ' என்றுதான் வரும். நம் மொழியும் 'அறியேன்', 'உண்ணேன்' என்று வினையிலேயே மறுத்துக்கொண்டிருந்து, பின்னர் 'அறியவில்லை', 'உண்ணவில்லை' என்று துணைச்சொல்லை நாடியதை நினைத்துப் பார்த்தால், ஆங்கிலத்தின் போக்கு அவ்வளவு விசித்திரமாகத் தோன்றாது.

அட்டவணையைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. ஆங்கில வினை காலத்துக்காகத் தன் உருவை மாற்றிக்கொள்வது நிகழ்காலம், இறந்தகாலம் ஆகிய இரண்டில்தான். மற்றவையெல்லாம் துணைவினைகளின் சேர்க்கை. வரிசையில் முதலில் நிற்கும் துணைவினை காலத்தைச் சுமக்கும். அடுத்து வருவதன் உருவத்தை அதற்கு முன்னால் நிற்பது தீர்மானிக்கும். 'டூ', 'வில்', 'கேன்' ஆகியவற்றுக்குப் பின் மாறாத வடிவம். 'ஹேவ்' வந்தால் 'கான்', 'ஈட்டன்' போன்ற மூன்றாம் வடிவம். 'பீ'க்குப் பின் செயல் தொடர்வதைச் சொல்ல 'இங்', செயப்பாட்டுக்கு அதே மூன்றாம் வடிவம். 'ஷீ ஹேட் பீன் வெய்ட்டிங்' என்பதைப் பிரித்துப் பாருங்கள்: 'ஹேட்' காலத்தைச் சுமக்கிறது, அதனால் 'பீன்', அதனால் 'வெய்ட்டிங்'. இந்த ஒழுங்கு பிடிபட்டால் பன்னிரண்டு கட்டங்களையும் நீங்களே நிரப்பிவிடலாம்.

'ஹேவ்' விஷயத்தில் 'வந்திருக்கிறார்' என்ற நம் அமைப்பு பெரிதும் கைகொடுக்கும், ஓரிடம் தவிர. வாசலில் செருப்பைப் பார்த்துவிட்டு 'நேற்றே வந்திருக்கிறார்' என்று நாம் ஊகித்துச் சொல்லலாம்; ஆங்கிலத்தில் 'யெஸ்டர்டே' என்று முடிந்துபோன பொழுதைக் குறிப்பிட்டபின் 'ஹேஸ் கம்' பொருந்தாது, 'கேம்' என்றுதான் சொல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்கிறேன், நம்மவர் பலரிடம் காண்பதால். 'முதலாளி தினமும் பத்து மணிக்கு வருவார்' என்னும்போது தமிழ் எதிர்கால வடிவத்தில் வழக்கத்தைச் சொல்கிறது. அதை அப்படியே 'ஹீ வில் கம் டெய்லி அட் டென்' என்றால், கேட்பவர் இனிமேல்தான் அவர் அப்படி வரப்போகிறார் என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அங்கே 'ஹீ கம்ஸ்' என்பதே சரி; அதையே கேள்வியாக்கினால் 'டஸ் ஹீ கம்'.