கோட்டா சீட்டுக்குக் கடன் வேண்டாம், அவள் கையில் விசில் இருக்கட்டும்

மும்பை ஆன்டாப் ஹில்லிலிருந்து ஒரு அப்பா எழுதியிருந்தார். வடாலா டிரக் டெர்மினலில் ஒரு டிரான்ஸ்போர்ட் ஆபீசில் கணக்கு பார்க்கிறார். மகள் பன்னிரண்டாவது சயன்ஸ். ஜேஇஇ கைகூடாது என்று இப்போதே தெரிந்துவிட்டது. கேட்டால், "ரக்பி ரெஃபரி ஆகப் போறேன்" என்கிறாளாம், அதாவது பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஆடும் ஆட்டத்துக்கு நடுவர். அம்மாவுக்குத் தூக்கம் போய்விட்டது. அப்புறம் மூன்று பேரும் நேரிலும் வந்து பேசினார்கள். அவர்களுடைய அனுமதியோடு, பெயர் இல்லாமல், அவருக்குச் சொன்னதை இங்கே எழுதுகிறேன்.

உங்கள் கவலை புரிகிறது. ஆனால் "பயப்படாதீங்க, எல்லாம் சரியாகிடும்" என்று ஆறுதல் சொல்லி அனுப்ப எனக்கு மனமில்லை. நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. நவி மும்பைப் பக்கம் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பேசி வைத்திருக்கும் கம்ப்யூட்டர் சயன்ஸ் சீட்தான் அது. நாலு வருடத்துக்கு 20 லட்சம் என்றீர்கள். ஊர் நிலத்தை விற்றுப் பாதி, வங்கியில் கடன் வாங்கிப் பாதி. கணக்குப் பார்ப்பவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன்: 10 லட்சம் ரூபாய்க்கு 10 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 16,600 ரூபாய். படிப்பு முடிந்த கையோடு அவளுக்கு வேலை கிடைக்காவிட்டால் அதை நீங்கள்தான் கட்டுவீர்கள். பிடிக்காத பாடத்தை இழுத்துப் பிடித்துப் படித்த பிள்ளைக்கு வேலை சீக்கிரம் கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. நிலம் போனால் போனதுதான்.

திருநெல்வேலியில் இருக்கும் உங்கள் அக்கா போனில் சொன்னதையும் சொன்னீர்கள். "பொம்பளப் பிள்ளைய ஆம்பளைங்க முட்டி மோதுற மைதானத்துல ஓட விட்டுட்டு வேடிக்கை பாக்கியா?" அக்காவின் பாசத்தைக் குறை சொல்லவில்லை. உங்கள் மச்சினர் மகன் புனேயில் நல்ல சம்பளம் வாங்குவதும் சந்தோஷம்தான். ஆனால் அந்த 16,600 ரூபாயில் ஒரு ரூபாய் கூட அவர்கள் கட்டப் போவதில்லை. பிடிக்காத வகுப்பில் நாலு வருடம் உட்காரப் போவதும் அவர்கள் இல்லை. இந்த விஷயத்தில் முடிவு எடுக்க வேண்டியவர்கள் நீங்கள் மூன்று பேர் மட்டுமே.

பொறியியல், மருத்துவம், சிஏ பற்றியெல்லாம் சொல்ல உங்கள் கட்டிடத்திலேயே ஆள் இருப்பார்கள். யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன்.

மகள் அன்று ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுவந்திருந்தாள், நீங்கள் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. முழங்கால் காயம் ஆறி ஓட ஆரம்பித்தும், மோதி ரக்பி ஆட டாக்டர் அனுமதிக்காத சீசனில், கோச் அவளிடம் விசிலைக் கொடுத்து 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டங்களை நடத்தச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு பக்கம். எந்த நிமிடம், மைதானத்தில் எந்த மூலை, என்ன தப்புக்கு விசில், தான் எங்கே நின்றாள் என்று பென்சிலில் குட்டிப் படம். ஒரு இடத்தில் "தப்பான பக்கம் நின்னேன், பந்து தெரியல" என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தாள். யாரும் கேட்காமல், மார்க் கிடைக்காத ஒரு விஷயத்துக்கு, 17 வயதுப் பிள்ளை இப்படிக் கணக்கு வைக்கிறது. பிசிக்ஸ் நோட்டையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அது நவம்பரோடு நின்றிருந்தது.

அவள் பார்க்க ஆசைப்படும் வேலை என்னவென்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ரக்பியின் முழு ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 15 பேர், 80 நிமிட ஆட்டம். ஒலிம்பிக்கில் ஆடுவது 7 பேர் ஆட்டம், ஒரு பாதிக்கு 7 நிமிடம். பந்தோடு ஓடுகிறவரைப் பிடித்துக் கீழே சாய்த்ததும் நடுவருக்கு வேலை ஆரம்பம். சாய்த்தவர் உடனே பிடியை விட்டாரா, உருண்டு ஒதுங்கினாரா? விழுந்தவர் பந்தை விட்டாரா, இல்லை வயிற்றுக்கடியில் அமுக்கி வைத்திருக்கிறாரா? உதவிக்கு வருகிறவர் நேர் பின்னாலிருந்து வந்தாரா, பக்கவாட்டில் புகுந்தாரா? பந்தில் கை வைத்தவர் தன் காலில் நிற்கிறாரா, மேலே சாய்ந்து கிடக்கிறாரா? இத்தனையையும் இரண்டு மூன்று நொடிக்குள் பார்த்தாக வேண்டும், அதுவும் இந்த வரிசையில். பெரிய ஆட்டம் ஒன்றில் இது நூறு முறைக்கு மேல் நடக்கும்.

பார்த்த எல்லாத் தப்புக்கும் விசில் அடிப்பவர் நல்ல நடுவர் ஆக மாட்டார். "ரிலீஸ்", "ரோல் அவே" என்று முன்கூட்டியே குரல் கொடுத்துத் தப்பு நடக்காமல் தடுக்க வேண்டும். நடந்துவிட்டால், பாதிக்கப்பட்ட அணிக்கு ஆட்டத்தில் லாபம் வருகிறதா என்று கையை நீட்டிக் காத்திருக்க வேண்டும். லாபம் வராவிட்டால்தான் திரும்ப வந்து பெனால்டி. எட்டுக்கு எட்டு பேர் தோளோடு தோள் கோத்து முட்டும் ஸ்க்ரம் என்று ஒன்று உண்டு. பெரிய அணிகளில் ஒரு பக்கத்து எட்டுப் பேரின் எடையே 800 கிலோவைத் தாண்டும். "கிரவுச், பைண்ட், செட்" என்று நடுவர் சொன்ன பிறகுதான் முட்டலாம். அது சரிந்து விழுந்தால் முன்வரிசைக்காரரின் கழுத்து போகும் ஆபத்து உண்டு. அதனால் அந்த மூன்று சொற்களைச் சொல்லும் நிதானம் ஒரு உயிர்ப் பொறுப்பு. பெரிய ஆட்டங்களில் நடுவர் பேசுவதெல்லாம் மைக்கில் பதிவாகி, டிவியில் உலகமே கேட்கும்.

இந்த வேலைக்குச் சட்டம் படித்த மூளையும், ஓட்டக்காரரின் நெஞ்சும், வகுப்பு டீச்சரின் குரலும் சேர்ந்து வேண்டும். உங்கள் மகளிடம் மூன்றின் அடையாளமும் தெரிகிறது. கண்டிப்பாகச் சொல்வேன், இது விளையாட்டுத்தனம் இல்லை.

எப்படிப் போவது என்று கேட்டீர்கள். ஆட்டத்துக்கு 21 சட்டங்கள். உலக ரக்பி அமைப்பின் தளத்தில் இலவசமாகப் படிக்கலாம், படித்துவிட்டு ஆன்லைனில் தேர்வும் எழுதலாம். அப்புறம் முதல் நிலை நடுவர் பயிற்சி, அது நேரில். மைதானத்தில் ஊதிக் காட்ட வேண்டும். நம் நாட்டில் இதையெல்லாம் நடத்துவது இந்திய ரக்பி கூட்டமைப்பு. நடிகர் ராகுல் போஸ் அதன் தலைவர், இந்தியாவுக்காக ஆடியவர். பள்ளி ஆட்டம், கிளப் ஆட்டம், மாநிலம், தேசியப் போட்டி, ஆசியப் போட்டி, அதற்கு மேல் உலக அமைப்பின் பட்டியல் என்று படி ஏறும். விண்ணப்பம் போட்டு மேலே போக முடியாது. மைதான ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு முடிவையும் குறித்து மதிப்பிடுவார், அந்த மதிப்பீடுதான் அடுத்த ஆட்டத்தைக் கொடுக்கும். ஆட்டம் முடிந்ததும் தன் தப்பை எழுதி வைக்கும் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, கவனியுங்கள்.

உடல் தகுதிக்கு ப்ராங்கோ என்று ஒரு ஓட்டம். 20 மீட்டர் போய்த் திரும்பி, 40 போய்த் திரும்பி, 60 போய்த் திரும்பி, இதையே நிற்காமல் ஐந்து சுற்று. மொத்தம் 1,200 மீட்டர். தினமும் பழக ஆன்டாப் ஹில்லில் ஒரு வெற்று மைதானம் போதும், ஜிம் கட்டணம் வேண்டாம். செலவு என்று பார்த்தால் பூட்ஸ், விசில், இரண்டு கடிகாரம், மஞ்சள் சிவப்பு அட்டை. அவ்வளவுதான்.

மும்பையில் இருப்பது அவளுடைய அதிர்ஷ்டம். 1924-லிருந்து நடந்து வரும் அகில இந்திய ரக்பிப் போட்டியை பாம்பே ஜிம்கானா கிளப் பலமுறை நடத்தியிருக்கிறது. மழை பெய்து தரை மெத்தென்று ஆனதும் இங்கே ரக்பி களைகட்டும். 2025 ஜூனில் ரக்பி பிரீமியர் லீக்கின் முதல் சீசன் அந்தேரி ஸ்போர்ட்ஸ் காம்ப்ளெக்ஸில்தான் நடந்தது. கோப்பையை வென்றது சென்னை புல்ஸ் அணி என்பதை உங்கள் அக்காவிடமும் சொல்லுங்கள்.

"பெண் பிள்ளைக்கு இதில் இடம் இருக்கா?" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார். அயர்லாந்தின் ஜாய் நெவில் நாட்டுக்காக ஆடி ஓய்வு பெற்று, அப்புறம் விசில் எடுத்தவர். 2017-ல் உலகின் சிறந்த நடுவர் விருது அவருக்குத்தான். 2023 ஆண்கள் உலகக் கோப்பையில் டிவி நடுவராக, அதாவது வீடியோவைத் திரும்பப் பார்த்து மைதான நடுவருக்கு உதவுபவராக இருந்த முதல் பெண்ணும் அவர்தான். ஸ்காட்லாந்தின் ஹோலி டேவிட்சனுக்கு ஆட்டக்காரி வாழ்க்கை தோள்பட்டைக் காயத்தில் முடிந்தது. 2025 செப்டம்பரில் லண்டன் ட்விக்கன்ஹாமில் 81,000 பேருக்கு மேல் பார்த்த மகளிர் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை நடத்தியவர் அவர். காயத்தோடு கதை முடிந்தது என்று நினைக்கும் வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ரக்பியில் பெரிய நாடாக இருந்தால்தான் முடியும் என்றும் இல்லை. ஜார்ஜியாவைச் சேர்ந்த நிகா அமாஷுகேலி 2023 உலகக் கோப்பையில் நடுவராக நின்றார், அவருடைய நாட்டிலிருந்து அதுவே முதல் முறை.

இனி கசப்பான பக்கம். அந்த உலகக் கோப்பைக்கு எடுத்த மைதான நடுவர்கள் மொத்தம் 12 பேர். ஆண்கள் உலகக் கோப்பையில் இந்திய நடுவர் யாரும் இதுவரை விசில் ஊதியதில்லை. சம்பளம் வாங்கும் முழுநேர நடுவர்கள் இங்கிலாந்து, பிரான்ஸ், தென்னாப்பிரிக்கா, நியூசிலாந்து மாதிரி நாடுகளில் கொஞ்சம் பேர்தான். இங்கே ஆட்டப் படியும் பயணச் செலவும் கிடைக்கலாம், அதை நம்பி வீட்டு வாடகை கட்ட முடியாது. ஆசியப் போட்டிகள், 7 பேர் ஆட்டங்கள், துணை நடுவர், டிவி நடுவர் இவைதான் அவள் முதலில் குறி வைக்க வேண்டியவை. இதை அவள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அழவில்லை. "அப்ப கூட என்ன படிக்கணும், சார்?" என்று கேட்டாள்.

அதற்குப் பதில் வெய்ன் பார்ன்ஸ். இங்கிலாந்துக்காரர், 15 வயதில் விசில் எடுத்தவர், சட்டம் படித்து வழக்கறிஞர் ஆனவர். நீதிமன்றத்தையும் மைதானத்தையும் சேர்த்தே பார்த்துக்கொண்டார். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டம் அவர் நடத்தியது, அவருடைய 111-வது சர்வதேச ஆட்டம். உங்கள் மகள் செய்ய வேண்டியதும் இதுதான்: சயானில் எஸ்.ஐ.இ.எஸ்., மாட்டுங்காவில் ருயியா மாதிரி ஒரு கல்லூரியில், அரசு உதவி பெறும் பிரிவில் பி.ஏ. அல்லது பி.எஸ்.சி. அங்கே கட்டணம் ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் இல்லை. வீட்டிலிருந்தே போய் வரலாம். அப்புறம் நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருட எல்.எல்.பி. சர்ச்கேட்டில் 1855-லிருந்து இருக்கும் அரசு சட்டக் கல்லூரியை மனதில் வைக்கச் சொன்னேன். விதியைப் படித்துச் சட்டென்று பொருத்திப் பார்க்கும் மூளைக்கு சட்டம் வீண் போகாது. 24 வயதில் கையில் ஒரு தொழிலும், ஆறேழு சீசன் அனுபவமும் இருக்கும். கடன் இருக்காது.

இன்னொன்றையும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு ஆசை என்று தெரிந்ததும் யாராவது ஏஜென்ட் வந்து, வெளிநாட்டில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட், 30 லட்சம் என்பார். அதற்கும் இதே பதில்தான். கோட்டா சீட்டுக்கு விற்காத நிலத்தை அதற்கும் விற்காதீர்கள். அந்தப் பட்டம் யாரையும் நடுவர் ஆக்காது, வார இறுதி ஆட்டங்கள்தான் ஆக்கும்.

வசவுக்கு மனசைத் தயார் செய்யுங்கள், நீங்களும் சேர்த்து. அந்த 2023 இறுதி ஆட்டத்தில் நியூசிலாந்து கேப்டன் சாம் கேனுக்கு முதலில் மஞ்சள் அட்டை (கொஞ்ச நேரம் வெளியே), மறுபரிசீலனையில் அது சிவப்பானது (ஆட்டத்தை விட்டே வெளியே). தென்னாப்பிரிக்கா 12–11 என்று வென்றது. அதற்குப் பிறகு நடுவர்களுக்கு வந்த மிரட்டல்களும் வசவுகளும் கொஞ்சநஞ்சமில்லை. டிவி நடுவர் டாம் ஃபோலி சர்வதேச ஆட்டங்களிலிருந்தே விலகிக்கொண்டார். உள்ளூர் ஆட்டத்திலும் பிள்ளைகளின் அப்பாக்கள் கோட்டுக்கு வெளியே நின்று கத்துவார்கள். அந்த நாளில் அவள் வீட்டுக்கு வரும்போது, "நான் அப்பவே சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாப்பாடு போடுங்கள், அவள் நோட்டில் எழுதட்டும்.

இப்போதைக்கு வேலை இவ்வளவுதான். பொதுத் தேர்வு முடியும் வரை விசில் அலமாரியில் இருக்கட்டும், இதற்கு அவளும் சம்மதித்துவிட்டாள். முழங்காலை மறுபடி டாக்டரிடம் காட்டி, திசை மாற்றி வேகமாக ஓடலாமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மே மாதத்தில் ரக்பி சட்டங்களுக்கான ஆன்லைன் தேர்வு, ஜூனில் மழை ஆரம்பித்ததும் முதல் நிலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுக்கட்டும். ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் அம்மாவும் போய் அவள் நடத்தும் ஆட்டம் ஒன்றை முழுதாகப் பாருங்கள். கோட்டா சீட்டுக்கு இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றீர்கள். கட்டாதீர்கள். அந்த ஆட்டத்தைப் பார்த்த பிறகு என்னிடம் வாருங்கள், அக்காவிடம் போனில் நானே பேசுகிறேன்.