பேஸ்ட் நுரையும் வாய்ப்புண்ணும்: கேள்வி பதில்

கேள்வி: மாசத்துக்கு ரெண்டு தடவை வாய்ப்புண் வருது டாக்டர். பேஸ்ட்தான் காரணம்னு சொல்றாங்க, உண்மையா?

பதில்: பேஸ்ட் மட்டுமே காரணமில்லை. அடிக்கடி புண் வரும் வாய்க்கு அது தூண்டுதலாகலாம். நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட், சோப்பு மாதிரியான பொருள். கன்னத்தின் உட்புறம் வழவழவென்று படிந்திருக்கும் சளிப் படலத்தை அது அரித்துவிடும். அடியிலிருக்கும் மெல்லிய தோலுக்குக் காப்பு போய்விடும். 1994இல் நார்வேயின் ஆஸ்லோவில் ஹெர்லோஃப்சன், பார்க்வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 10 பேரிடம் சோதித்தார்கள். இந்த சல்ஃபேட் கலந்த பேஸ்ட்டை 3 மாதம் பயன்படுத்தியபோது சராசரியாக 14.3 புண்கள், இல்லாத பேஸ்ட்டில் 5.1.

கேள்வி: பத்தே பேர்தானே? நம்பலாமா?

பதில்: சரியான சந்தேகம். 2012இல் கொரியாவில் 90 பேரிடம் செய்த ஆய்வில் புண்ணின் எண்ணிக்கை குறையவில்லை. ஆறும் நாட்களும் வலியும் குறைந்தன. 2019இல் 4 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது எண்ணிக்கையும் குறைவதாகவே தெரிந்தது. அவற்றிலும் மொத்தம் 124 பேர்தான். முடிந்த முடிவு என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றிப் பார்ப்பதில் நஷ்டம் எதுவுமில்லை, கட்டாயம் பாருங்கள்.

கேள்வி: நான் மூலிகை பேஸ்ட்தான் போடுறேன். அதுல இருக்காதே?

பதில்: பலவற்றில் இருக்கிறது. ட்யூபின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். சோடியம் டோடெசில் சல்ஃபேட் என்று போட்டிருந்தாலும் அதேதான். ஃபுளோரைடை மட்டும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்களுக்கு 1000 முதல் 1450 பிபிஎம் (ppm, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) இருக்கட்டும்.

கேள்வி: மாத்தி ரெண்டு வாரமாச்சு, பலனே இல்ல.

பதில்: ஒரு புண் ஆறவே 7 முதல் 14 நாள் ஆகும். 3 மாதம் கொடுங்கள். புண் வந்த நாள், ஆறிய நாள் இரண்டையும் காலண்டரில் குறியுங்கள். நுரை வரவில்லையே என்று பேஸ்ட்டை அதிகம் பிதுக்க வேண்டாம், பட்டாணி அளவு போதும். மவுத்வாஷ் லேபிளையும் பாருங்கள். அப்படியும் தொடர்ந்தால் பி12, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம் மூன்றுக்கும் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள்.

கேள்வி: வாய்ப்புண் மேல போடுற ஸ்டீராய்டு மருந்து, ட்ரையாம்சினலோன் பேஸ்ட், தடவினா ஒட்டவே மாட்டேங்குது.

பதில்: தேய்க்கிறீர்கள்; தேய்த்தால் மணல் மாதிரி உதிர்ந்துவிடும். பஞ்சால் ஈரத்தை ஒற்றிவிட்டு, துளியூண்டு எடுத்துப் புண் மேல் வைத்து மெல்ல அழுத்துங்கள். படுக்கப்போகும்போது வைத்தால் நெடுநேரம் நிற்கும்.

கேள்வி: அப்பாவுக்கு நாக்கு ஓரத்துல ஒரே இடத்துல ஒரு மாசமா புண். வலி இல்ல. பேஸ்ட்டை மாத்தட்டுமா?

பதில்: பேஸ்ட்டை வைத்து நாள் கடத்தாதீர்கள். 3 வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணை, வலியில்லாவிட்டாலும், பல் மருத்துவர் நேரில் தொட்டுப் பார்த்தாக வேண்டும். தேவைப்பட்டால் சதை எடுத்து, புற்றுநோயா என்று சோதிப்பார். இந்த வாரமே அழைத்துப் போங்கள்.