ஒரு பட்டமும் 1,707 வெற்றிகளும்

கேள்வி: அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகப் பெண்கள் சாஃப்ட்பால் (பேஸ்பால் போன்ற ஆட்டம்) அணிக்கு 38 ஆண்டுகள் தலைமைப் பயிற்சியாளராக இருந்த கரோல் ஹட்சின்ஸ் தேசியப் பட்டம் வென்றது ஒரே ஒரு முறை. அரிசோனா பல்கலைக்கழக அணியின் பயிற்சியாளராக இருந்த மைக் கேண்ட்ரியா எட்டு முறை வென்றவர். அப்படியிருக்க ஹட்சின்ஸை ஏன் இத்தனை உயரத்தில் வைக்கிறார்கள்? பயிற்சியாளராகப் போகிற என் போன்றவர்கள் அவரிடம் படிக்க என்ன இருக்கிறது?
— உடற்கல்வி மாணவி, காரைக்குடி

பதில்: எட்டும் சரி, ஒன்றும் சரி. ஆனால் அரிசோனா அணியின் ஊரான டூசானையும் மிச்சிகன் அணியின் ஊரான ஆன் ஆர்பரையும் ஒரே ஊர்போல எண்ணிவிட்டீர்கள். அரிசோனாவின் வீராங்கனைகள் ஜனவரியிலேயே மண் தரையில், திறந்த வானத்தின் கீழ் பயிற்சி எடுப்பார்கள். அதே ஜனவரியில் மிச்சிகனின் மைதானம் பனிக்கு அடியில் கிடக்கும். கல்லூரிப் போட்டிகளோ பிப்ரவரி தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிடும். மார்ச் பாதிவரை ஹட்சின்ஸின் அணி சொந்த ஊரில் ஆடவே முடியாது. வாரக் கடைசிதோறும் விமானம் ஏறித் தெற்கிலோ மேற்கிலோ ஆடிவிட்டு, திங்கட்கிழமை வகுப்புக்குத் திரும்ப வேண்டும். அதுவரை பயிற்சியெல்லாம் கூரைக்குக் கீழேதான்.

கூரைக்குள் பயிற்சி என்றால் என்னவெல்லாம் கெடும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். செயற்கைத் தரையில் பந்து ஒரே சீராக எழும்பும். அதற்குப் பழகிய ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையே நிற்பவள்), பந்து தன்னிடம் வரட்டும் என்று நின்ற இடத்திலேயே காத்திருப்பாள். சாஃப்ட்பாலில் ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய பேஸ்களுக்கு இடையே 60 அடிதான். வேகமான பெண் மூன்று நொடிக்குள் முதல் பேஸைத் தொட்டுவிடுவாள். அரை நொடி காத்திருந்தால் அவுட் ஆகவேண்டியவள் பேஸில் நிற்பாள். மண் தரையில் பந்து கோணலாகத் துள்ளினால் அதுவும் போயிற்று. எல்லைப் பக்கம் நிற்கும் அவுட்ஃபீல்டர்கள் பாடு இன்னும் மோசம். உயரப் போகும் பந்தைக் காற்றிலும் வெயிலிலும் கணிக்கும் பழக்கம் கூரைக்குள் வரவே வராது. அதனால் வடக்கு அணிகள் பிப்ரவரியில் செய்யும் தவறுகளில் பாதி திறமைக் குறைவால் வருபவை அல்ல.

கூரைக்குள் குறைவில்லாமல் நடப்பது பந்துவீச்சு. பந்து வீசும் பிட்சருக்கும் மட்டை பிடிக்கும் பேட்டருக்கும் இடையே 43 அடி. எந்தக் கூடத்திலும் அந்த இடம் கிடைத்துவிடும். மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும் பந்து 0.4 நொடியில் பேட்டரை அடைகிறது. அதற்குள் அது கீழே இறங்கும் டிராப் பாலா, மேலே ஏறுவதுபோல் தோன்றும் ரைஸ் பாலா, கையை மட்டும் வேகமாகக் காட்டி மெதுவாக விடும் சேஞ்ச்அப்பா என்று அவள் முடிவெடுத்தாக வேண்டும். ஏழு இன்னிங்ஸ் மட்டுமே ஆடும் ஆட்டத்தில் நல்ல பிட்சர் ஒருத்தி இருந்தால் எதிரணியின் மட்டைகளை மௌனமாக்கிவிடலாம். பனி ஊரில் அணி கட்ட இதைவிட உறுதியான அடித்தளம் இல்லை. ஹட்சின்ஸ் அணிகளின் பலம் முதலில் பந்துவீச்சு, அடுத்தது தடுப்பு. மட்டை வீச்சுக்கு நெடுங்காலம் மூன்றாம் இடம்தான்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம். தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. பெண்கள் சாஃப்ட்பால் பட்டத்தை 1982-ல் தொடங்கியது. 2004 வரை மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே இருக்கும் எந்தக் கல்லூரியும் அதை வென்றதில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகமான யு.சி.எல்.ஏ., அரிசோனா, ஃப்ரெஸ்னோ என்று கோப்பை வெயில் நாட்டிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. 2005-ல் அதை ஆற்றைத் தாண்டிக் கொண்டுவந்தது ஹட்சின்ஸின் மிச்சிகன். இறுதிச்சுற்று மூன்று ஆட்டத் தொடராக மாறிய முதல் ஆண்டும் அதுதான். யு.சி.எல்.ஏ.விடம் முதல் ஆட்டத்தில் 5-0 என்று தோற்று, இரண்டாவதை 5-2 என்று வென்று, மூன்றாவதைப் பத்தாவது இன்னிங்ஸ்வரை இழுத்தார்கள். அங்கே முதலாண்டு மாணவி சமந்தா ஃபிண்ட்லி பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி அடித்த மூன்று ரன் ஹோம் ரன் 4-1 என்று பட்டத்தை முடித்தது. அந்த அணியின் முதன்மைப் பிட்சர் ஜென்னி ரிட்டர், ஆன் ஆர்பருக்குப் பக்கத்து ஊரான டெக்ஸ்டரைச் சேர்ந்தவர். இந்த ஒரு பட்டத்தை எட்டில் ஒன்றாக வகுப்பது நியாயமே இல்லை.

உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. எட்டு அணிகள் மோதும் கல்லூரி உலகத் தொடருக்கு ஹட்சின்ஸின் அணி 12 முறை போனது. 2015-ல் இறுதிச்சுற்றில் ஃப்ளோரிடாவிடம் மூன்றாவது ஆட்டத்தில் தோற்றது. கடைசிப் படியில் கேண்ட்ரியா பலமானவர். ஆனால் மிச்சிகன் ஆடும் பிக் டென் என்ற கல்லூரிக் குழுமத்தின் லீக் பட்டம் 22 முறை, ஃபெர்ரிஸ் ஸ்டேட் கல்லூரியில் கழித்த ஓராண்டையும் சேர்த்து 1,707 வெற்றிகள். 2022-ல் அவர் ஓய்வு பெற்றபோது என்.சி.ஏ.ஏ. சாஃப்ட்பாலில் அதற்கு மேல் வென்றவர் யாரும் இல்லை. கேண்ட்ரியாவின் 1,674-உம் அதற்குக் கீழேதான். நான்காண்டுக்கு ஒருமுறை அணி முழுவதும் மாறிப்போகும் கல்லூரி விளையாட்டில் இப்படி நிலைத்து நிற்பதுதான் கடினம். ஓர் அணிக்கு அனுமதித்திருந்த உதவித்தொகை 12 பேருக்கானது. அதை இருபது பேருக்குப் பிரித்துத்தான் ஆள் சேர்க்க வேண்டியிருந்தது. கலிஃபோர்னியாப் பெண்ணைப் பாதி உதவித்தொகைக்குப் பனிக்கு வரவழைப்பதை நினைத்துப் பாருங்கள்.

அவரிடம் முதலில் படிக்க வேண்டியது உதவியாளர்களைத் தக்கவைத்த விதம். போனி தோல் மிச்சிகனுக்கு ஆடியவர். 1994-ல் உதவிப் பயிற்சியாளராகத் திரும்பி வந்து, 2022-ல் ஹட்சின்ஸின் இடத்துக்கே வந்தார். பந்துவீச்சைக் கவனித்த ஜெனிஃபர் பிரண்டேஜ், யு.சி.எல்.ஏ.வில் ஆடியவர், இருபது ஆண்டுக்கு மேல் உடன் இருந்தார். உதவியாளர் மாறினால் பிட்சரின் கை அசைவைத் திருத்தும் முறையும் மாறும், ஆள் சேர்க்கப் பேசும் குரலும் மாறும். இரண்டுமே அங்கே கால் நூற்றாண்டு மாறவில்லை.

இரண்டாவது, உரிமை கேட்ட துணிவு. மிச்சிகன் ஸ்டேட் என்ற வேறொரு பல்கலைக்கழகத்தின் மாணவியாக 1976-ல் சாஃப்ட்பால் தேசியப் பட்டம் வென்ற அணியில் இருந்தவர் ஹட்சின்ஸ், கூடைப்பந்தும் ஆடினார். பயணத்திலும் தங்குமிடத்திலும் தினப்படியிலும் ஆண்கள் அணிக்குக் கிடைத்தது பெண்களுக்குக் கிடைக்காதபோது, கல்வி நிலையங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் 1972-ன் டைட்டில் 9 சட்டத்தைக் காட்டிக் கூடைப்பந்து அணி வழக்குத் தொடுத்தது. வழக்கு ஹட்சின்ஸ் பெயரில்தான் இருக்கிறது. பயிற்சியாளரான பிறகும் சமமான மைதானம், சமமான சம்பளம் என்று கேட்பதை அவர் நிறுத்தவில்லை. நாளை நீங்கள் பயிற்சி தரும் கல்லூரி மைதானத்தில் பெண்கள் மாலை ஆறு மணிக்கு மேல்தான் பயிற்சி செய்யலாம் என்று உங்களிடம் சொல்வார்கள். அப்போது நீங்களும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். கையைக் கீழிருந்து சுழற்றி வீசுவதால் பிட்சரின் தோளுக்குக் கேடில்லை என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். தவறு. தோளின் முன்புறத் தசைநாணில் விழும் சுமை, தலைக்கு மேலிருந்து எறிபவர்களுக்கு விழுவதோடு ஒப்பிடக் கூடியது. களைப்பு முதலில் காலில் தெரியும்: முன்னே வைக்கும் காலடி குறுகும், டிராப் பால் இறங்காமல் இடுப்பு உயரத்தில் நிற்கும். பேட்டர்கள் மூன்றாம் சுற்று ஆட வரும்போது இதைக் கண்டுகொள்வார்கள். முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வைத்து, வார்ம்-அப் பந்துகளையும் சேர்த்து எண்ணி எழுதுங்கள். இரண்டாவது பிட்சரை முக்கியமில்லாத ஆட்டங்களுக்கு மட்டும் ஒதுக்காமல், மார்ச் மாதத்திலேயே முழு ஆட்டம் வீச வையுங்கள்.