காய்ந்த புதர்களை வெள்ளாடுகளை விட்டு மேய்த்தால் காட்டுத்தீ அபாயம் உண்மையிலேயே குறையுமா?

வீட்டுக்குப் பின்புறச் சரிவில் புதர் மண்டிக் காய்ந்து கிடக்கிறது, வெள்ளாட்டு மந்தையை வரவழைத்தால் பலன் இருக்குமா அல்லது இது வெறும் விளம்பரமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அபாயம் குறையும். ஆனால் மந்தையை எப்போது உள்ளே விடுவது, எப்போது வெளியே ஓட்டுவது என்று அறிந்த மேய்ப்பர் கூடவே இருந்தால்தான் குறையும். இந்த வேலையையே நான் தொழிலாகச் செய்து வருகிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆட்டுக்காரன் ஆட்டுக்குப் பரிந்துதான் பேசுவான் என்று நினைப்பவர்கள், கீழே நான் எழுதியிருக்கும் குறைகளையும் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வரட்டும்.

தரையில் எரியும் தீ மரத்தின் உச்சிக்கு ஏறிவிட்டால் அதை அடக்குவது மிகக் கடினம். அது ஏறுவதற்கு வழி அமைத்துக் கொடுப்பவை இடையில் நிற்கும் புதர்களும், கொடிகளும், தாழ்ந்த கிளைகளும்தான். செம்மறி பெரும்பாலும் தரையில் உள்ள புல்லையே நாடும். வெள்ளாடோ தழையையும் கொழுந்தையும் முள்செடியையும் தேடிப் போய், பின்னங்கால்களில் நின்று ஏறத்தாழ ஆறடி உயரம் வரை எட்டித் தின்னும். கசப்பும் துவர்ப்பும் மிகுந்த, மற்றக் கால்நடைகள் ஒதுக்கும் இலைகளையும் அதன் வயிறு தாங்கிக்கொள்ளும். அறுவை இயந்திரம் நிற்க முடியாத செங்குத்துச் சரிவில் அது சாதாரணமாக நின்று மேய்கிறது. கோடையில் இயந்திரத்தின் தகடு கல்லில் பட்டுத் தெறிக்கும் பொறியே தீக்குக் காரணமான சம்பவங்கள் உண்டு. ஆட்டினால் அந்த ஆபத்து இல்லை. களைக்கொல்லி அடித்தால் செடி சாகும், ஆனால் செத்த செடி நின்ற இடத்திலேயே விறகாகிவிடும்.

இனி குறைகளுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் என்னை உறுத்தியது 'காய்ந்து கிடக்கிறது' என்ற சொற்கள்தான். முழுவதும் காய்ந்த புல்லில் ஆட்டுக்குப் போதிய சத்து இல்லை; விரல் பருமனுக்கு மேற்பட்ட பட்ட கொம்பை அது தொடாது. செடி பசுமையாக இருக்கும்போதே, விதை முற்றி உதிர்வதற்கு முன்பே மந்தை வந்து போக வேண்டும். தீப்பருவம் வாசலுக்கு வந்தபின் எங்களை அழைப்பவர்களே அதிகம்.

ஒரு குடியிருப்புச் சங்கம் எங்களை அழைத்தபோதும் அப்படித்தான் நடந்தது. அவர்களுடைய சரிவின் மேல்பாதியில் பச்சைப் புதர், கீழ்ப்பாதியில் பல ஆண்டுகளாக விழுந்து அடைந்து கிடந்த பட்ட மரங்களும் சுள்ளியும். கீழ்ப்பாதியை முதலில் ஆட்களைக் கொண்டு அறுத்து அகற்றுங்கள், அதன் பிறகு துளிர்ப்பதை ஆடுகள் பார்த்துக்கொள்ளும் என்று எழுத்திலேயே கொடுத்தேன். செலவு என்று சொல்லி ஒத்திவைத்தார்கள். மேல்பாதியில் மின்வேலி வலை கட்டி, பகுதி பகுதியாக மந்தையை நகர்த்தி, தழை குறைந்து தண்டு தெரியத் தொடங்கியதும் வெளியே ஓட்டினேன். இன்னும் பச்சை தெரிகிறதே, தரை தெரியும்வரை விடுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தியும் நான் இணங்கவில்லை. இலை தீர்ந்துவிட்டால் ஆடு மரப்பட்டையை உரிக்கத் தொடங்கும். பட்டை சுற்றிலும் உரிக்கப்பட்ட மரம் காய்ந்து தானே எரிபொருளாகிவிடும். மேலும், மொட்டையடித்த சரிவு அடுத்த மழையில் மண்ணோடு இறங்கும். வேலை முழுமையாகவில்லை என்று காரணம் காட்டி அந்தச் சங்கம் எங்கள் கூலியில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டது.

அதற்கு அடுத்த கோடையில் அந்தச் சரிவில் தீப்பிடித்தது. கீழ்ப்பாதியில் கிடந்த பட்ட மரங்கள் ஆளுயரத்துக்கு மேல் எரிந்தன, பக்கத்தில் இருந்த ஒரு கொட்டகை போய்விட்டது. மேய்ந்த மேல்பாதிக்கு வந்ததும் தீ முழங்கால் அளவுக்குத் தணிந்தது. சரிவில் மேல்நோக்கிப் போகும் தீ வேகமெடுப்பதுதான் இயல்பு என்றாலும், அங்கே அதற்குத் தின்ன அதிகம் இல்லை. தீயணைப்பு வீரர்கள் அந்தப் பகுதியில்தான் கால் ஊன்றி நின்று அணைத்தார்கள். ஆடுகள் தீயை அணைத்தன என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். மனிதர்கள் நின்று போராட இடம் கிடைத்தது, அவ்வளவுதான்; அந்த இடம் எவ்வளவு பெரிய உதவி என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

இதைவிட நன்கு அறியப்பட்ட நிகழ்வு ஒன்று கலிபோர்னியாவில் நடந்தது. அங்கே சிமி வேலியில் உள்ள ரொனால்டு ரீகன் நூலகத்தைச் சுற்றி 2019 மே மாதத்தில் சுமார் 500 ஆடுகள் 13 ஏக்கர் அளவுக்குப் புதரை மேய்ந்தன. அக்டோபரில் 'ஈசி' என்று பெயரிடப்பட்ட காட்டுத்தீ அந்தக் குன்றைச் சூழ்ந்தபோது கட்டடம் தப்பியது. நூற்றுக்கணக்கான வீரர்களும் ஹெலிகாப்டர்களும் அங்கே உழைத்ததை மறைத்து, ஆடுகள் மட்டுமே காப்பாற்றின என்று எழுதுவது நியாயமன்று. கடும் காற்றில் தீக்கங்குகள் வெகுதூரம் பறந்து, மேய்ந்த நிலத்தைத் தாண்டிக் கூரையில் விழக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் என் தொழிலில் இருக்கும் ஒவ்வொருவரும் இதைக் கேட்டுக் கேட்டு நொந்திருக்கிறோம். "உங்கள் ஆட்டுக்கு இலவசமாகத் தீவனம் கிடைக்கிறதே, பிறகு கூலி எதற்கு?" என்கிறார்கள். மந்தையை வண்டியில் ஏற்றி இறக்குவதும், கரடுமுரடான சரிவில் வேலி கட்டிப் பிரிப்பதும், தண்ணீர் சுமப்பதும், நாய்களையும் நரிகளையும் விரட்ட இரவெல்லாம் காவல் இருப்பதும் அவர்கள் கண்ணில் படுவதில்லை. கலிபோர்னியாவில் இந்த வேலையைச் செய்பவர்களில் பெரும்பாலோர் பெரு நாட்டிலிருந்து தற்காலிக வேலை விசாவில் வரும் மேய்ப்பர்கள். இரவும் பகலும் மந்தையோடு இருக்கும் அவர்களுக்குக் கூடுதல் நேர ஊதியத்தை எப்படிக் கணக்கிடுவது என்பது அங்கே சட்டமன்றம் வரை சென்ற விவாதம். ஸ்பெயினின் அந்தலூசியாவில், தீ பரவாமல் தடுக்கச் செடி குறைத்து வைக்கும் நீண்ட நிலத்துண்டுகளில் மந்தை மேய்க்கும் இடையர்களுக்கு, எவ்வளவு தழை குறைந்திருக்கிறது என்று பார்த்து அரசே பணம் தருகிறது. நூற்றுக்கும் மேற்பட்டோர் காட்டுத்தீயில் மாண்ட 2017-க்குப் பிறகு போர்ச்சுகலும் ஆட்டு மந்தைகளுக்கு உதவி அளிக்கத் தொடங்கியது. மேய்ச்சலைக் கூலிக்குரிய வேலையாக மதித்த இடங்களில்தான் இந்த முறை நிலைத்திருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

உங்கள் சரிவுக்கு வருகிறேன். இந்த ஆண்டு புதர் உண்மையாகவே காய்ந்துவிட்டதென்றால் ஆட்களை வைத்து வெட்டி அப்புறப்படுத்துங்கள்; வீட்டை ஒட்டிய பகுதியிலிருந்து தொடங்குங்கள். அங்கே அரளி இருந்தால் மேய்ப்பரிடம் முன்கூட்டியே காட்டிவிடுங்கள், சில இலைகளே ஓர் ஆட்டைக் கொன்றுவிடும். காக்க விரும்பும் இளமரங்களைச் சுற்றித் தனி வேலி போடச் சொல்லுங்கள். வேறு நிலத்தில் மேய்ந்த மந்தை நேராக உங்கள் சரிவுக்கு வந்தால் அங்குள்ள களை விதைகள் அதன் வயிற்றோடு வந்து சேரும், ஆகவே இடையில் சில நாட்கள் சுத்தமான தீவனத்தில் வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, புதர் வேரிலிருந்து மறுபடியும் துளிர்க்கும். துளிர்க்கும்போதெல்லாம் கடிபட்டால்தான் வேரில் உள்ள சேமிப்பு கரைந்து செடி தளரும். ஆகவே அடுத்த பசுமைப் பருவத்தோடு அதற்கடுத்த ஆண்டுகளுக்கும் சேர்த்தே மேய்ப்பரிடம் இப்போதே பேசி, கூலியையும் எழுத்தில் முடிவுசெய்துகொள்ளுங்கள்.