நேரத்தை நிரப்பிவிட்டால் பையன் தப்பு செய்ய மாட்டானா?

கேள்வி: என் வகுப்பில் 13, 14 வயதுப் பையன்கள் சிலர் அடிக்கடி மட்டம் போடுகிறார்கள், அடுத்தவர் பையிலிருந்து பணம் எடுக்கிறார்கள். பள்ளி முடிந்ததும் விளையாட்டு, டியூஷன் என்று எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்தால் திருந்திவிடுவார்கள் என்கிறார் தலைமையாசிரியர். சரிதானா? (ஓர் ஆசிரியை)

பதில்: அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969-ல் முன்வைத்த சமூகப் பிணைப்புக் கோட்பாட்டை வைத்துப் பார்க்கலாம். சிலர் ஏன் தப்பு செய்கிறார்கள் என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்டார். பெற்றோர், ஆசிரியர் மேலுள்ள ஒட்டுதல், மாட்டினால் இழக்க ஒரு படிப்போ எதிர்காலமோ இருப்பது, நல்ல காரியங்களில் ஈடுபாடு, விதிகள் நியாயமானவை என்ற நம்பிக்கை ஆகிய நான்கும் பிள்ளையைப் பிடித்து வைக்கின்றன என்றார்.

உங்கள் தலைமையாசிரியர் நம்புவது மூன்றாவதை, அதாவது ஈடுபாட்டை. கலிபோர்னியாவில் ஹிர்ஷி எடுத்த கணக்கெடுப்பிலேயே சோடை போனது அதுதான். பணம் எடுக்க ஒரு நிமிஷம் போதுமே, அதை எந்த டியூஷன் தடுக்கும்?

முதலில் படிப்பைப் பாருங்கள். பாடம் புரியாதவனுக்குப் பள்ளி கசக்கும், பள்ளி கசந்தவனுக்கு ஆசிரியர் சொல் ஏறாது என்பது ஹிர்ஷி காட்டிய வரிசை. ஒவ்வொருவனையும் தனியே ஒரு பக்கம் வாசிக்கச் சொல்லுங்கள். திணறினால் எந்த வகுப்புப் பாடம் வரை ஓடுகிறது என்று கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்குங்கள். வராத நாளில் முதல் பீரியடிலேயே வீட்டுக்குப் போன் போகட்டும். வாரக் கடைசியில் சொன்னால் புகாராகத்தான் போய்ச் சேரும், அடிதான் மிஞ்சும். ஒவ்வொருவனுக்கும் ஓர் ஆசிரியரை ஒதுக்கி, தினமும் ஐந்து நிமிஷம் பேசச் சொல்லுங்கள். தண்டனை கொடுக்கும் ஆசிரியராக அவர் இருக்கக் கூடாது. எடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்க வைத்து, விஷயத்தை அதோடு முடியுங்கள். ‘திருடன்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டால், நல்ல பெயரைக் காப்பாற்ற அவனுக்குக் காரணமே இருக்காது.

எல்லாரையும் ஒரே அறையில் சேர்ப்பது இருப்பதிலேயே மோசம். டிஷியன், மெக்கார்ட், புலின் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1999-ல் எழுதிய கட்டுரை இந்த ஆபத்தைப் பற்றியதுதான். ஒருவன் தன் சேட்டையைச் சொல்ல மற்றவர்கள் சிரிக்கிறார்கள். அந்தச் சிரிப்பே பரிசாகிவிடுகிறது. வெவ்வேறு குழுக்களில் குழுவுக்கு ஒருவனாகப் பிரித்துப் போடுங்கள்.

கேள்வி: மகனின் போனைத் தினமும் சோதிக்கிறேன். போதுமா? (ஒரு தாய்)

பதில்: போதாது. பெற்றோருக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி பிள்ளை தானாகச் சொன்னதுதான், வேவு பார்த்துத் தெரிந்ததல்ல என்று ஸ்டாட்டின், கெர் இருவரும் ஸ்வீடன் நாட்டு 14 வயதினரை ஆராய்ந்து 2000-ல் எழுதினார்கள். எங்கே, யாரோடு, எப்போது திரும்புவாய் என்ற மூன்றையும் கேளுங்கள். அவன் ஒன்றை ஒப்புக்கொண்டதும் கத்தினால், அடுத்தது உங்கள் காதுக்கு வராது.

கேள்வி: சிறைக்குக் கூட்டிப்போய்க் காட்டிப் பயமுறுத்தினால்?

பதில்: வேண்டாம். 1970-களில் அமெரிக்காவில் பிரபலமான வழி இது. குலுக்கல் முறையில் பிரித்து ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்தபோது, போய் வந்தவர்களே பிறகு அதிகம் தப்பு செய்திருந்தார்கள்.