வால் வந்ததும் கதை ஏன் சப்பென்று ஆகிறது?

உங்கள் கதையில் நாயகி தான் கடற்கன்னி என்று அறிகிற ஏழாம் அத்தியாயத்தை மாற்ற வேண்டாம், அதற்கு அடுத்த காட்சியிலேயே வளர்ப்பு அம்மாவைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

அந்த இடத்தோடு படிப்பவர்களுக்கு ஆர்வம் போய்விடுகிறது என்கிறீர்கள். "நான் யார்" என்பதற்கு வால் பதில் சொல்லிவிட்டது, "நான் யாருடைய பிள்ளை" என்று கேட்கத்தான் அங்கே ஆளே இல்லை, அம்மாதான் கரையிலேயே நின்றுவிட்டாளே. காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

ஸ்காட்லாந்தில் செல்கீ என்றால் தோலைக் கழற்றி மனிதராகிற சீல்; அந்தக் கதைகள் பலவற்றில் செல்கீ மனைவியின் சீல் தோலைக் கணவன் ஒளித்துவைக்க, அதை விவரம் தெரியாமல் எடுத்துக் கொடுப்பது அவளுடைய பிள்ளையேதான், அப்புறம் அம்மா கடலுக்குப் போய்விடுவாள். டென்மார்க் எழுத்தாளர் ஆண்டர்சனின் 1837ஆம் ஆண்டுக் கடற்கன்னிக் கதையிலும், மனுஷியாகிவிட்ட தங்கை மறுபடி கடற்கன்னியாக வேண்டும் என்று அக்காக்கள் தங்கள் கூந்தலைக் கொடுத்துத்தான் அதற்கான கத்தியை வாங்கி வருகிறார்கள். உருமாற்றத்துக்கான விலையைக் கட்டுவது குடும்பம். உங்கள் கதையில் யாரும் எதையும் இழக்கவில்லை.

ஒன்று செய்து பாருங்கள்: வால், துடுப்பு எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, அவள் தத்துப்பிள்ளை என்று மட்டும் தெரியவருவதாக அந்த அத்தியாயத்தை எழுதுங்கள். அப்போதும் அம்மாவோடு சண்டை வருகிறதா? வந்தால் சரி, வாலை மறுபடி ஒட்டிக்கொள்ளலாம். வராவிட்டால் முதல் மூன்று அத்தியாயங்களில் அந்த உறவே எழுதப்படவில்லை என்று அர்த்தம்.

ஆனால் உண்மையை மறைத்ததற்காக அம்மாவை வில்லியாக்கிவிடாதீர்கள் (எனக்கு அலுத்துப்போன திருப்பம் அது). அவள் பயத்தில் கொஞ்சமாவது நியாயம் இருக்கட்டும்.